ரெண்டு நாளும் மாறாத வார்த்தை

சூரத், உத்னா
18.6.2024

அன்புள்ள நைனாவுக்கு லாவண்யா எழுதுவது. இங்கே நானும் அவரும் சின்னவனும் சௌக்கியம். உங்க முட்டிவலி தேவலையா, தைலம் தீர்ந்துபோச்சா, தேவிப்ரியா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

போன் இருக்கும்போது கடிதம் எதுக்கு என்று நினைப்பீங்க. தேவியின் அஞ்சாம் வகுப்பு டீச்சர் சசிகலா எல்லாப் பெற்றோருக்கும் சேதி அனுப்பியிருக்காங்க. ஆரம்பப் பள்ளியில் இது கடைசி வருஷம். ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடம் போனால் பாடத்துக்கு ஒரு வாத்தியார், யாரும் நின்று கவனிக்க மாட்டாங்க. அதனால் வீட்டில் தினம் இருபது நிமிஷம் பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிப் பெரியவங்க கேட்கணுமாம். வெளியூரில் இருக்கிற அம்மா அப்பா கடிதம் எழுதணுமாம். அதையும் பிள்ளைதான் படித்துக் காட்டணுமாம். அதுதான் இந்தக் கடிதம்.

நைனா, ஆடிக்கு எங்களால் வர முடியாது. கோடவுனில் சேலை பேக்கிங் இப்பதான் அதிகம், லீவு கேட்டால் ஆளை மாற்றிடுவாங்க. தீபாவளிக்கும் சந்தேகம்தான். தேவியிடம் பக்குவமாகச் சொல்லுங்க.

அவள் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும், உங்களுக்கே தெரியும். படிப்பில் குறை ஒன்றும் இல்லை. நீங்க பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ரொம்பக் குடைந்து கேட்க வேண்டாம், பயந்துக்குவா.

உங்க மகள்
லாவண்யா


ஆரணி, கொசப்பாளையம்
8.7.2024

லாவண்யா கண்ணுக்கு உன் நைனா ஜெகநாதன் சொல்லச் சொல்ல, தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதுற பச்சையப்பன் எழுதறது. நானும் தேவியும் நல்லாகீறோம். முட்டி அப்படியேதான் கீது. தைலம் அரை பாட்டில் கீது. சின்னவன் பேச ஆரம்பிச்சிட்டானா?

பச்சையப்பன் மொதல்ல 'பொருள்: குடும்ப நலன் குறித்து'ன்னு எழுதிட்டான். டேய், இது என் பொண்ணுக்கு, கலெக்டருக்கு இல்லன்னு சொல்லி வேற தாள் எடுக்க வெச்சேன்.

உன் கடுதாசியைத் தேவி படிச்சா. ஆடி மூணாம் வெள்ளிக்கு மூணு பேரும் வர்றீங்கன்னு கேட்டதும் எனக்கு முட்டிவலி மறந்துபோச்சு. படவேட்டம்மனுக்கு வேண்டுதல் வெச்சிருக்கன்னு எழுதினியே, நல்லது, எல்லாரும் போயி பொங்கல் வெச்சிட்டு வருவோம். கட்டிலுக்குப் புது நாடா பின்னியாச்சு. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டம் போட்டாங்க. உனக்குப் பதிலா நான் போனேன். பசங்க பெஞ்சுல உக்காந்தா முட்டி மோவாயைத் தொடுது. எனக்குப் படிக்கத் தெரியாதும்மான்னு சொல்லிட்டுதான் கைநாட்டு வெச்சேன். டீச்சர் சொன்னாங்க, "காது கேக்குதில்ல பெரியவரே, அது போதும். திட்டாதீங்க. விரல் வெச்சுப் படிக்கச் சொல்லுங்க. படிச்சதுல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க." ஊர்லருந்து வர்ற கடுதாசியைப் பிள்ளைதான் படிக்கணும், வேற யாருக்கும் குடுத்துப் படிக்காதீங்கன்னும் சொன்னாங்க. நான் தலையாட்டிட்டேன். அதனால பச்சையப்பன் எட்டிப் பாக்கறான், நான் காட்டல.

பகல்ல என் வேலை போவுது. நாலு வீட்டுத் தறியில அச்சு பிணைச்சேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நானும் தேவியும் உக்காந்துடறோம். தடங்கலே இல்லாம படிக்கறா. கேட்டுகினே இருக்கலாம்.

ஜல்தியா வந்து சேருங்க.

ஜெகநாதன்
(கைநாட்டு)


சூரத், உத்னா
19.7.2024

அன்புள்ள நைனாவுக்கு, இங்கே எல்லோரும் நலம். சின்னவன் 'அக்கா' என்ற ஒன்றைத்தான் தெளிவாகச் சொல்கிறான். உங்க உடம்பைப் பார்த்துக்குங்க.

உங்க கடிதம் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆடிக்கு வருகிறேன் என்று நான் எழுதவே இல்லை. வர முடியாது என்றுதான் எழுதினேன். வேண்டுதல் என்றும் எழுதவில்லை. தேவி ஆசையில் மாற்றிப் படித்திருப்பாள். அவளைத் திட்டாதீங்க. தெருவில் சொன்னதைத் திருத்திச் சொல்லிடுங்க. பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுவிடாதீங்க நைனா.

உங்க மகள்
லாவண்யா


ஆரணி
7.8.2024

லாவண்யாவுக்கு, நாங்க சௌக்கியம். நீங்களும் அப்படியே இருப்பீங்கன்னு நெனைக்கறேன்.

உன் ரெண்டாவது கடுதாசியையும் தேவி படிச்சா. வெள்ளிக்கிழமை வர்றோம், காட்பாடியில எறங்கி பஸ் புடிக்கறோம்னு. அதான் நானும் அவளும் காலைலயே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டோம். கண்ணமங்கலம் வழியா வர்ற வேலூர் பஸ் பதினொண்ணு பாத்தேன். அஞ்சாவது பஸ் காலியானப்ப தேவி என் வேட்டியைப் புடிச்சிகினு, "வீட்டுக்குப் போலாம் தாத்தா, அம்மா வரமாட்டாங்க"ன்னா. உனக்கெப்படித் தெரியும்னேன். வேட்டியை விட்டுட்டு மண்ணுல காலைத் தேய்ச்சா.

ஞாயித்துக்கிழமை போன்ல நீ என்னவோ சொன்ன. பக்கத்து வீட்டு பவர்லூம் சத்தத்துல ஒண்ணும் விளங்கல. தேவிதான் போனை வாங்கி, அடுத்த மாசம் வராங்களாம்னு சொன்னா. வர்றதுன்னா வா. வரலன்னா வரலன்னு எழுது. எழுதறதுக்கு என்னாத்துக்கு இவ்ளோ பேஜார்?

ஜெகநாதன்


ஆரணி
22.8.2024

லாவண்யா, நலம் விசாரிக்கத்தான் மொதல்ல உக்காந்தேன். மனசு அதுல நிக்கல.

ஞாயித்துக்கிழமை நல்ல மழை. உன் நெனப்பு வந்துது. மொதல் கடுதாசியை இன்னொரு தரம் படி கண்ணுன்னேன். படிச்சா. எனக்கு எழுத்துதான் தெரியாது. காதுல விழுந்தது எங்கயும் போவாது. ஜூன் மாசம் 'ஆடி மூணாம் வெள்ளி'ன்னு படிச்சா. இப்ப 'ஆடிப் பதினெட்டு'ன்றா. அப்ப படவேட்டம்மனுக்குப் பொங்கல். இப்ப ஆத்தங்கரைக்குச் சித்ரான்னம். காகிதம் அதே காகிதம். மடிப்பும் அதே மடிப்பு. எழுதி வெச்ச வார்த்தை எப்படி மாறும்?

டீச்சருக்குக் குடுத்த வாக்கை ஒடைச்சு ரெண்டு கடுதாசியையும் பச்சையப்பன்கிட்ட நீட்டினேன். நீ வர முடியாதுன்னு எழுதினதையும், பஸ் ஸ்டாண்டுல நிக்காதீங்கன்னு எழுதினதையும் அப்பதான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து தேவியைப் பக்கத்துல உக்கார வெச்சேன். திட்டல. ஏன் கண்ணுன்னு மட்டும் கேட்டேன்.

"எனக்கு எழுத்து தெரியாது தாத்தா. உன் மூஞ்சியைத்தான் பாத்தேன். வராங்கன்னு சொன்னா நீ சிரிச்ச."

பாடமும் அதே கதைதான். பள்ளிக்கூடத்துல பக்கத்துப் பொண்ணு படிக்கறதை ஒரு தரம் கேட்டு மனசுல வெச்சிகினு வந்து, இங்க விரலை ஓட்டிகினே ஒப்பிச்சிருக்கா. என் ஞாபகசக்தி அவளுக்கும் வந்திருக்குது பார். கரும்பலகையில இருக்கறதை அச்சுல வார்த்த மாதிரி எழுதுவா. என்ன எழுதினன்னு கேட்டா தெரியாது. ரெண்டு மாசம் பக்கத்துலயே உக்காந்து ஏமாந்திருக்கேன்.

இவ இப்படியே ஆறாவது போனா என்ன ஆவுறது? டீச்சர்கிட்டச் சொல்லணும். அதுக்கு முந்தி நீ எழுது. ரெண்டாவது, மூணாவது அங்க எந்தப் பள்ளிக்கூடத்துல, என்ன பாஷையில படிச்சா?

ஜெகநாதன்


சூரத், உத்னா
15.9.2024

அன்புள்ள நைனாவுக்கு, வேலை அதிகம், அதுதான் பதில் தாமதம். அவருக்கு முதுகுப் பிடிப்பு. மற்றபடி நலம். அங்கே மழை விட்டுதா?

தேவி இங்கே ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அதில் தமிழ் மறந்திருக்கும். கண்ணிலும் கோளாறு இருக்கலாம், நீங்க ஒரு தரம் காட்டுங்க. டீச்சரிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். வகுப்பில் தெரிந்தால் மற்றப் பிள்ளைகள் கிண்டல் பண்ணும். அஞ்சாவது முடிகிற வரைக்கும் இப்படியே போகட்டும்.

இன்னொரு சேதி. சின்னவனைப் பார்த்துக்கிற பக்கத்து வீட்டு அம்மா சித்திரையில் ஊரோடு போறாங்க. பரீட்சை முடிந்ததும் தேவியை இங்கேயே கூட்டிக்கலாம் என்று அவர் சொல்கிறார். நானும் யோசிக்கிறேன்.

லாவண்யா


ஆரணி
6.10.2024

லாவண்யாவுக்கு, மாப்பிள்ளைக்கு முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு. பாரம் தூக்க விடாத.

கண் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். சொவத்துல படம் காட்டிப் பாத்தாங்க. எறும்பு போறதைக்கூடச் சொல்றா, கண்ணு பழுதில்லன்னுட்டாங்க.

வர்ற வழியில ஒரு பேங்க் போர்டு. மேல ஹிந்தியில எழுதியிருக்குதுன்னு பச்சையப்பன் சொல்லியிருந்தான். இதைப் படின்னேன். ஹிந்தி சளசளன்னு பேசறா லாவண்யா, அங்க காவலுக்கு நின்னவன்கிட்ட அவன் ஊரெல்லாம் கேட்டுட்டா. போர்டுல ஒரு எழுத்து தெரியல.

போன பொங்கலுக்கு முந்தின பொங்கல் அன்னைக்கு நான் போன் பண்ணேன். தேவி எங்கன்னேன். ஸ்கூலுக்குப் போயிருக்கான்னு சொன்ன. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பின்னால சின்னவன் அழுதுகினு இருந்தான். 'ச்சூ ச்சூ'ன்னு அவனை யாரோ சமாதானம் பண்ணாங்க. அது தேவி கொரல். அப்ப நான் கேக்கல. கேக்காததும் எனக்கு மறக்கல.

அச்சு பிணைக்கறது என்னான்னு உனக்கே தெரியும். தறியில ஓடற பழைய பாவு நூல் முடியறப்ப புதுப் பாவு இழையை ஒவ்வொண்ணா பழசோட முறுக்கணும். நடுவுல ஒண்ணு விட்டா அதுக்கப்புறம் எல்லாம் தள்ளிப்போயிடும். எங்க விட்டுதுன்னு தெரிஞ்சாதான் அங்கருந்து பிரிச்சு முறுக்க முடியும். எங்க விட்டுதுன்னு சொல்லு. போன்ல வேணாம், புள்ள பக்கத்துலயே நிக்குது.

ஜெகநாதன்


ஆரணி
12.11.2024

லாவண்யா, தீபாவளி போச்சு. ரெண்டு இட்லியும் ஒரு துண்டு கறியும் தின்னோம். நீ அனுப்பின பாவாடை தேவிக்குச் சரியாகீது.

உன் பதில் வரல. ஞாயித்துக்கிழமை தேவிகிட்ட மட்டும் பேசிட்டு வெச்சிடற. வாசல்ல தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா தேவி உள்ள ஓடிடுது, நான் வெளிய ஓடறேன். டீச்சர் ரெண்டு தரம் கூப்பிட்டு, சூரத்து டீசி எங்கன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது? அரைப் பரீட்சை வரைக்கும் பாப்பேன். அப்புறம் எனக்குத் தெரிஞ்சதை நானே சொல்லிடுவேன்.

ஜெகநாதன்


சூரத், உத்னா
1.12.2024

நைனாவுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கோம். இதைப் பச்சையப்பன் அண்ணன் வாயால்தான் நீங்க கேட்கப் போறீங்க. அந்த வெட்கத்தில்தான் ரெண்டு மாசம் பேனாவை எடுக்கவில்லை. பச்சையப்பண்ணா, நீங்க படித்துவிட்டு மனசோடு வெச்சுக்குங்க.

தேவி இங்கே எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை.

அவள் ஒன்றாவது சேர்ந்த வருஷம் கொரோனா. பள்ளிக்கூடமே திறக்கவில்லை. அடுத்த வருஷம் இங்கே வந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டோம், கொண்டுவராத காகிதம் ஒன்றைக் கேட்டாங்க. அடுத்த மாசம் போகலாம் என்றிருந்தேன். சின்னவன் பிறந்தான். நான் வேலைக்குப் போகாவிட்டால் ஆகாது. தேவியை அவனோடு வீட்டில் வைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவேன். அவளுக்கு எட்டு வயசு. பால் கலக்கக் கத்துக்கிட்டா. அவனைத் தூங்க வைத்துவிட்டு, சேலைப் பெட்டி அட்டையில் அச்சடித்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து அப்படியே எழுதுவா. அவ்வளவு அழகாக இருக்கும். சாயங்காலம் நான் வந்ததும் காட்டுவா. பிள்ளை எழுதுகிறாள், எல்லாம் தானாக வந்துவிடும் என்று நான் என்னையே ஏமாற்றிக்கிட்டேன். ஒரு நாள் 'இதுல என்னம்மா எழுதியிருக்குது' என்று கேட்டா. அப்புறம்தான் போன பொங்கலுக்கு உங்களிடம் கொண்டுவந்து விட்டேன். வயசு பார்த்து நாலாவதில் சேர்த்துக்கிட்டாங்க. நான் வாயைத் திறக்கவில்லை.

இதுதான் விட்ட இடம். டீச்சரிடம் சொல்லிடுங்க. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க.

லாவண்யா


ஆரணி
13.1.2025

லாவண்யா கண்ணுக்கு, பொங்கலுக்கு ஆசீர்வாதம். அங்க கரும்பு கெடைக்குதா? மாப்பிள்ளை முதுகு எப்படி கீது?

உன் கடுதாசியைப் படிச்சி முடிச்சதும் பச்சையப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சிகினே இருந்தான். ரெண்டு பேரும் டீயை ஆறவிட்டுட்டோம். யார்கிட்டயும் சொல்ல மாட்டான்.

உன்னை நான் என்னத்தைத் திட்டறது? உன் பத்தாவது பரீட்சைக்கு முந்தி மூணு மாசம் தறியில உக்கார வெச்சவன் நானு. முகூர்த்தச் சேலை அவசரம்னேன். நீ கணக்குல பெயிலா போன. உனக்கு மறந்திருக்கும்னு நெனைச்சிகினு இருந்தேன். மறந்திருக்காது.

டீச்சர்கிட்ட எல்லாம் சொன்னேன். கோவிப்பாங்கன்னு பாத்தா, "இதை ஜூன்லயே சொல்லியிருந்தா ஆறு மாசம் மிச்சம் பெரியவரே"ன்னாங்க. அவ்ளோதான். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் தனியா உக்கார வெச்சி, 'அ'விலருந்து எடுக்கறாங்க. ரெண்டாம் வகுப்புப் புத்தகம் குடுத்திருக்காங்க. தேவி அதுக்கு அஞ்சாம் வகுப்புப் புத்தகத்தோட அட்டையைக் கழட்டி மாட்டிகினா. தெருவுல தூக்கிகினு போறாளே, அதுக்கு.

வீட்டுல என் வேலை கேக்கறதுதான். ஆனா இப்ப வேற மாதிரி கேக்கறேன். பாவுல அறுந்த பட்டு நூல் ஒரு சாண் வெச்சிருக்கேன். அதைப் புத்தகத்துல ஒரு வரிக்கு அடியில போடுவேன். எந்த வரின்னு எனக்கும் தெரியாது. அதை மட்டும் படின்னுவேன். நாளைக்கும் அதே வரியில போடுவேன். ரெண்டு நாளும் ஒண்ணா வந்தா படிச்சது. மாறினா மூஞ்சியைப் பாத்துச் சொன்னது. மொதல் வாரம் தினம் மாறுச்சு. ரெண்டு நாள் நூலைத் தூக்கி எறிஞ்சிட்டுப் போயிட்டா. இப்ப சின்னச் சின்ன வார்த்தை நிக்குது. 'படம்' நிக்குது. 'மரம்' நிக்குது.

சித்திரைக்கு அவளைக் கூட்டிகினு போறதைப் பத்தி மாப்பிள்ளைகிட்டப் பேசு. நான் கெஞ்சறேன்னு சொல்லு. பாதி பிணைச்ச பாவை யாரும் அறுக்க மாட்டாங்க.

இனிமே நீ எழுதற கடுதாசியை அவ பேருக்கே எழுது. சின்ன வார்த்தையா எழுது. பொய் எழுதாத.

ஜெகநாதன்


சூரத், உத்னா
10.3.2025

தேவிப்ரியா கண்ணுக்கு அம்மா எழுதுவது.

நீ நலமா? தாத்தா நலமா? நான் நலம். தம்பி உன் படம் பார்த்து அக்கா என்பான்.

உன் ஆண்டு விழாவுக்கு நான் வர மாட்டேன். லீவு இல்லை. எனக்கு அழுகை வருது.

நீ இங்கே வர வேண்டாம். அங்கேயே ஆறாவது படி. தம்பியைப் பார்க்க வேறு ஆள் வந்தாச்சு. அப்பா சரி என்றார்.

உன்னை வீட்டில் வைத்துப் பூட்டினது என் தப்பு. உன் தப்பு இல்லை.

அம்மா


ஆரணி
7.4.2025

லாவண்யா கண்ணுக்கு, எல்லாரும் சுகமா இருங்க. வெய்யில் மண்டையைப் பொளக்குது. என் முட்டி வெய்யிலுக்குக் கொஞ்சம் தேவல.

கடுதாசி வந்தப்ப தபால்காரர் தேவி பேரைத்தான் கூப்பிட்டாரு. இந்த தரம் உள்ள ஓடல. நூலை எடுத்துகினு வந்து உக்காந்தா. மொதல் வரிக்கே மூச்சு வாங்குச்சு. ஒவ்வொரு எழுத்தா கூட்டிக் கூட்டி, தப்புப் பண்ணி, திரும்பி வந்து. தம்பி வரியில சிரிச்சா.

அடுத்த வரியில 'ஆண்டு விழாவுக்கு நான் வர'ன்னு வந்து நின்னுட்டா. விரல் அங்கயே கீது. அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. என் மூஞ்சியில வரேன்னு கேக்கணும்ன்ற ஆசை அப்பிகினு இருந்திருக்கும், எனக்கே தெரியுது. நான் சொவத்துப் பக்கம் திரும்பி உக்காந்துகினேன்.

பக்கத்து வீட்டு பவர்லூம் மட்டும் ஓடிகினு இருந்துது.

"மாட்டேன்," அப்படின்னா. "வர மாட்டேன் தாத்தா."

அப்புறம் மிச்சத்தையும் படிச்சா. கடைசி ரெண்டு வரியை மட்டும் வாய்க்குள்ள படிச்சிகினா. என்னான்னு நான் கேக்கல.

மறுநாள் சாயங்காலம் அதே வரிக்கு அடியில அவளே நூலைப் போட்டா. படிச்சா. வர மாட்டேன்னுதான் வந்துது. ரெண்டு நாளும் மாறல. நீ வரலன்றது எனக்குக் கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்தோட ஒரு கால்படி அரிசி எடுத்து, வெல்லம் போட்டுப் பொங்கி, அவளுக்குக் குடுத்தேன்.

நீ தேவிக்கு எழுதின கடுதாசியை நான் பச்சையப்பன்கிட்டக் காட்டல. அவனுக்கு அது கோவம். டீச்சர் சொல்றாங்க, இன்னும் ரெண்டெழுத்து மூணெழுத்துதான், நீட்டு வார்த்தைக்குத் தடுமாறுவா, லீவுலயும் விடாதீங்கன்னு. ஆறாவது டீச்சருக்கு மறைக்காம எழுதித் தர்றாங்களாம். நானும் கூடப் போயி சொல்லிட்டு வருவேன்.

இதுக்குக் கீழ எடம் விடச் சொல்லிட்டா. தானே எழுதறாளாம். பச்சையப்பன் எட்டிப் பாத்தான். கையால மறைச்சிகினா.

ஜெகநாதன்

அம்மா, நீ வர மாட்டேன் என்று எழுதினாய். நான் படித்தேன். தாத்தா சுவர் பக்கம் பார்த்து அழுதார். எனக்குத் தெரியும்.
தேவிப்ரியா